வௌவால் எச்சமும் ஜரிகைக் கணக்கும்

அதிமதுரம், கெந்தகம், வேலம் பிசின், வெல்லப்பாகு, நுண்மணல், ஆந்தை இறகு. இந்தப் பட்டியலைக் கலசப்பாக்கத்தில் யாரிடம் காட்டினாலும் நாட்டு மருந்துக் கடைச் சீட்டு என்பார்கள். ஆந்தை இறகைப் பார்த்ததும் கொஞ்சம் யோசிப்பார்கள். இது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் மந்திரவாதியாக ஆடுகிறவர் இடுப்புப் பையில் வைத்திருக்க வேண்டிய சரக்கு. அதிமதுர வேரைச் சீவிய துண்டு இருந்தால் கூட்டாளிகளின் வேகம் கூடும். கண்ணிமை முடி ஒன்றைப் பிசினில் பொதிந்து வைத்திருந்தால் ஆள் மறைந்துபோகலாம். ஒரு சொட்டு வெல்லப்பாகு எதிரியின் காலைத் தளர வைக்கும். ஒரு சிட்டிகை மணல் தூங்க வைக்கும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, குகையில் என்ன செய்கிறேன், அரக்கனிடம் என்ன பேசுகிறேன் என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். முடிவு சந்தேகமானால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். மந்திரம் பலிக்க என்னென்ன வேண்டும் என்பதை 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேடு விவரமாக எழுதி வைத்தது. உச்சரிப்பு, கைச்சைகை, பொருள். எல்லா மந்திரத்துக்கும் மூன்றும் வேண்டும் என்பதில்லை. ஆனால் பொருள் கேட்கும் மந்திரத்துக்குப் பொருள் இல்லாவிட்டால் மந்திரமும் இல்லை.

அந்தப் பொருளைக் கணக்கு வைக்கும் பழக்கம் ஆட்டத்திலிருந்து மெல்ல மெல்லப் போய்விட்டது. அது போகக் கூடாது என்று நினைக்கிறவன் நான். காரணம் ஆட்டத்தில் பாதி, எங்கள் வீட்டில் பாதி.

எங்களுடையது தறி வீடு. ஆரணிப் பட்டு என்று ஆரணிக்குப் பெயர் வந்தாலும் தறி ஓடியது சுற்றுப்பட்டு ஊர்களில்: தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு. கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நெய்ததும் ஆரணி முதலாளி ஒருவருக்குத்தான். பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை மூன்றையும் முதலாளி வீட்டில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஜரிகையை மார்க் கணக்கில் பேசுவார்கள். ஒரு மார்க் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கொடுத்ததெல்லாம் அப்பாவின் நீள நோட்டில் ஏறும். தேதி, பட்டு எத்தனை கிராம், என்ன கலர், ஜரிகை எவ்வளவு. சேலையை மடித்து எடுத்துப்போகும் நாளில் மிச்ச ஊடையும் தீராத ஜரிகையும் கூடவே போகும். அறுந்த நூல்கூட வீணாகாது. தறிக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் எப்போதும் இருக்கும். முடிச்சுப் போட்டு வெட்டிய நுனிகளை அம்மா அதில் போட்டு வைப்பாள். நீலம், அரக்கு, மாம்பழ மஞ்சள் எல்லாம் சுருண்டு கிடக்கும். சேலை, மிச்சம், கழிவு மூன்றும் சேர்ந்து கொடுத்த எடைக்கு ஒத்துவர வேண்டும். வராவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

“எடை போட்டுக் குடுத்தது எடை போட்டுத்தான்டா திரும்பணும்” என்பார் அப்பா. அவர் குரலில் பயம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கணக்கு சரியாக வந்த நாளில் அவர் நடையே வேறு மாதிரி இருக்கும். பட்டு விலை உயர்ந்தது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. தராசைப் பார்த்துத் தெரிந்தது.

1990களின் நடுவில் பொறியியல் படிக்கச் சென்னை போனேன். விடுதியில் பக்கத்து அறைக்காரனுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியம்மா மகன். அவர் விட்டுப்போன 1989 இரண்டாம் பதிப்புக் கையேடு எங்கள் கைக்கு வந்தது. ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் பக்கமாகப் பிரித்துக்கொண்டோம். மந்திரப் பக்கங்கள் எனக்கு.

அந்தப் பதிப்பில் பொருள் கணக்கு கட்டாயமில்லை. விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போட்டிருந்தது. “அது வேணாம் மச்சான், டைம் வேஸ்ட்” என்றான் டி.எம். வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அப்பா வாங்கும் அதே மாதிரி நீள நோட்டு ஒன்று வாங்கி வரவு, செலவு, கையிருப்பு என்று கோடு போட்டேன். மந்திரவாதியின் பையில் உள்ள ஒவ்வொன்றும் அதில் ஏறியது.

எழுத எழுதத்தான் தெரிந்தது, இந்தப் பட்டியலை எழுதியவர்கள் யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று. ஃபயர்பால் என்ற மந்திரத்துக்கு வௌவால் எச்சமும் கெந்தகமும் சேர்த்துப் பிடித்த சின்ன உருண்டை வேண்டும். வௌவால் எச்சம் குவிந்து கிடக்கும் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு காய்ச்சி எடுப்பது உலகத்தில் பல இடங்களில் நடந்த தொழில். வெடியுப்பு, கெந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் வெடிமருந்து. மந்திரவாதியின் உள்ளங்கையில் அதில் இரண்டு பங்கு இருக்கிறது! எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் எதுவும் புதிதில்லை. பழைய கோயில் மண்டபத்தில் நுழைந்தால் முதலில் வருவது வௌவால் வாடைதான். கெந்தகம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள். மணலுக்குச் செய்யாறு இருக்கிறது. ரதசப்தமிக்கு அண்ணாமலையாரே திருவண்ணாமலையிலிருந்து எழுந்தருளித் தீர்த்தவாரி காணும் மணல். அமெரிக்காவில் அச்சான அந்தப் புத்தகத்தின் அபூர்வ சரக்கில் பாதி எங்கள் ஊரில் நடந்துபோய் எடுத்துவரக் கூடியது. ஒன்றுதான் கிடைக்காது. ஒரு பொருளின் மந்திர சக்தி என்னவென்று கண்டறியும் மந்திரத்துக்கு நூறு பொற்காசு மதிப்புள்ள முத்து ஒன்று கேட்டிருந்தார்கள்.

மின்னல் மந்திரம் எனக்கு இன்னும் பிடித்தது. அதற்குக் கேட்டிருந்தது கொஞ்சம் மிருக ரோமமும், அம்பர், படிகம், கண்ணாடி இவற்றில் ஏதாவது ஒன்றால் ஆன கம்பியும். தேய்த்தால் நிலைமின்சாரம் வரும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் அது. ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் கண்ணாடிக் கம்பியைத் தேய்க்கச் சொன்னது பட்டுத் துணியால். தறி வீட்டுப் பிள்ளைக்கு அது மறக்குமா? மாசி பங்குனியில் காற்று காய்ந்துவிட்டால் தார் சுற்றும்போது பட்டு இழை விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பிரிந்து நிற்கும். அம்மா கையை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு திரும்பச் சுற்றுவாள். தறியைக் குழியில் இறக்கி வைப்பதில் தரையின் குளிர்ச்சி நூலுக்குக் கிடைப்பதும் ஒரு லாபம்.

இதையெல்லாம் டி.எம்.மிடம் சொல்லி, ரோமத்துக்குப் பதில் என் மந்திரவாதி பட்டுத் துணி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “சரி, ஆனா உங்க ஊர்ப் பட்டா இருக்கணும். அந்த உலகத்துல அது எங்க நெய்யறாங்க, நீயே சொல்லு” என்றான். அப்படித்தான் எங்கள் ஆட்டத்தின் வரைபடத்தில் ஒரு நெசவாளர் ஊர் வந்தது. மலையடிவாரம், மணல் ஓடும் ஆறு, தறிச் சத்தம். மலைக்குப் பர்வதமலையை மனசில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை எங்கள் கூட்டம் அந்த ஊருக்குப் பட்டு வாங்கப் போயிருக்கிறது. அங்கே பகையும் நட்பும் கல்யாணமும் நடந்திருக்கின்றன. இத்தனையும் ஒரு சரக்குப் பட்டியலின் ஒரே வரியிலிருந்து கிளம்பியவை.

கணக்கு ஆட்டத்தை என்ன செய்கிறது என்று காட்ட இன்னொன்றும் சொல்கிறேன். ஒருமுறை சுரங்கத்துக்குள் ஓடும் ஆற்றைக் கடந்தோம். பை நனைந்துவிட்டது என்றான் டி.எம். பகடை உருட்டியதில் உருண்டைகளில் இரண்டு மட்டும் தப்பின. ஒன்றைப் போட்டு, துரத்தி வந்தவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த கயிற்றுப் பாலத்தை எரித்தோம். மிச்சம் ஒன்று. அடுத்த குகையில் டிரோல் என்ற அரக்கன். வழக்கமாக நெருப்பை வீசிவிட்டுப் போயிருப்போம். அன்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நால்வரும் வாதாடினோம். இதை இப்போது செலவழித்தால் திரும்பும் வழியில் என்ன செய்வது? கடைசியில் அரக்கனிடம் பேசிப் பார்ப்பது என்று முடிவானது. அவனுக்குப் பசி. எங்கள் கழுதையைக் கேட்டான். கழுதையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், ஆற்றில் மீன் பிடித்துக் கொடுத்து வழி வாங்கினோம். அந்த விடுதி நண்பர்களை இப்போது பார்த்தாலும் பேச்சு அந்த மீன் பேரத்துக்குத்தான் வரும். நாங்கள் எரித்துச் சாய்த்த நூற்றுக்கணக்கான எதிரிகளில் ஒருவன் முகமும் யாருக்கும் ஞாபகமில்லை.

2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. விலை குறிப்பிடாத சில்லறைப் பொருள்கள் எல்லாம் ஒரு பையில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றது. பையை ஒருமுறை வாங்கினால் போதும்; பிறகு கெந்தகமும் தீராது, மணலும் தீராது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தப் பையின் விலை 25 பொற்காசு. பைக்குப் பதில் ஒரு மந்திரக்கோலோ படிகமோ வைத்துக்கொண்டாலும் சரி. முத்து, வைரம் மாதிரி விலை போட்ட பொருளுக்கு மட்டும் விலக்கு. அதைக் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும். விதி அளவில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பழக்கத்தைப் பாதி விட்டால் மீதியும் போய்விடும். போய்விட்டது.

இப்போது கோடை விடுமுறையில் கலசப்பாக்கம் வீட்டில் ஆடுகிறோம். அண்ணன் மகள்தான் டி.எம். அவளுடைய கல்லூரித் தோழர்கள் மூன்று பேரும் நானும் ஆட்டக்காரர்கள். தறிக்குழியை மூடிச் சிமென்ட் பூசியாகிவிட்டது. அதன் மேல்தான் மேசை போட்டிருக்கிறோம். பிள்ளைகள் எல்லாரும் செல்போன் ஆப்பில் பாத்திரத்தின் விவரம் வைத்திருக்கிறார்கள். எத்தனை மந்திரம் மிச்சம், எத்தனை உயிர்ப்புள்ளி என்பதெல்லாம் தட்டினால் தெரிகிறது. பகடையையும் அதுவே உருட்டுகிறது. நான் நீள நோட்டை எடுத்ததும், “சித்தப்பா, அதெல்லாம் ஆப்பே பாத்துக்கும்” என்றாள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது, ஒரு சண்டையில் எங்கள் வில்வீரன் சாகும்வரை. இறந்த ஒரு நிமிஷத்துக்குள் உயிர் கொடுக்கும் மந்திரம் ஒன்று பூசாரி பாத்திரத்திடம் உண்டு. அதற்கு 300 பொற்காசு பெறுமானமுள்ள வைரம் வேண்டும். மந்திரம் முடிந்ததும் வைரம் அழிந்துவிடும். “வைரம் யாரிடம் இருக்கு?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆப்பில் பை என்று ஒரு வரி இருந்தது. வைரம் என்று எழுதிய வரி எவரிடமும் இல்லை. “பரவாயில்ல சித்தப்பா, இருந்ததுன்னு வெச்சுக்கலாம்” என்றாள் டி.எம். வில்வீரன் எழுந்து உட்கார்ந்தான். ஆடிய பையன் “தேங்க்ஸ்” என்றான். ஆட்டம் தொடர்ந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருவன் செத்துப் பிழைத்திருக்கிறான், அது யாரையும் தொடவில்லை. அன்று ஆட்டம் முடிந்த பிறகு அண்ணன் மகளை உட்கார வைத்துப் பேசினேன். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அவள் பிறக்கும் முன்பே தறி நின்றுவிட்டது. தாத்தாவின் நோட்டு ஒன்று பரணில் இருந்ததை இறக்கிக் காட்டினேன். வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். “எல்லாத்தையும் எழுதணும்னா பசங்க ஓடிடுவாங்க சித்தப்பா” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. மூன்று மணி நேரம் ஆட உட்காருகிற இடத்தில் ஒவ்வொரு சிட்டிகை மணலையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. மந்திரத்தை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கு ஏற்கெனவே ஒரு வரம்பு இருக்கிறது. அதன் மேல் இன்னொரு கணக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி சரிதான். ஆனால் அந்த வரம்பு ராத்திரி தூங்கி எழுந்தால் தானாக நிரம்பிவிடும். வைரம் தூங்கி எழுந்தால் வராது. யாரோ தோண்டியிருக்க வேண்டும், யாரோ விற்க வேண்டும், நாம் போய்க் கேட்க வேண்டும். ஆட்டத்தின் உலகத்தில் நம்மைத் தவிர வேறு மனிதர்களும் இருக்கிறார்கள் என்று நினைவூட்டுவது அந்தப் பொருள்தான். அப்பாவும் தறியில் போட்ட ஒவ்வொரு தாரையும் எண்ணியதில்லை. எடை போட்டு வாங்கியதை எண்ணினார்.

இருவரும் பேசி ஒரு வழி கண்டோம். விலை குறித்த பொருள், செலவானால் அழிந்துபோகும் பொருள், இந்த ஊரில் கிடைக்காத பொருள், இவற்றுக்கு மட்டும் கணக்கு. எழுதுவதற்குப் பதிலாக மேசை நடுவில் ஒரு கிண்ணம். சாதாரணச் சரக்குக்குப் புளியங்கொட்டை, வைரத்துக்கும் முத்துக்கும் குன்றிமணி. சித்த வைத்தியத்தில் நிறுக்கிற குன்றிமணி அளவு இன்றைய கணக்கில் 130 மில்லிகிராம். 32 குன்றிமணி ஒரு வராகன். விலையுயர்ந்த சரக்கை நிறுத்த விதைதான் என்பதால் அதை எடுத்தேன். மந்திரம் போடுகிறவர் தன் கையாலேயே கிண்ணத்திலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. திரையில் ஒரு எண் குறைவதற்கும், சிவப்பு விதை ஒன்றை எல்லாரும் பார்க்க எடுத்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் உடனே உணர்ந்தார்கள்.

அடுத்த வாரமே பலன் தெரிந்தது. கிண்ணத்தில் குன்றிமணி இல்லை என்பதைப் பார்த்த பூசாரிப் பாத்திரக்காரி, “இனிமே வைரம் இல்லாம குகைக்குள்ள வரமாட்டேன்” என்றாள். ஆக, வைரம் தேடிப் போனோம். டி.எம். அதற்காக ஒரு வியாபாரியை உருவாக்கினாள். அவன் காசு வேண்டாம், மலைமேல் உள்ள மூலிகைக்காரியிடம் தனக்கிருந்த பழைய கடனைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்றான். மலைக்கு ஜவ்வாது மலையின் சாயல் கொடுத்திருந்தாள்: கடுக்காயும் தேனும் சாமையும் இறங்கி வருகிற மலை. அந்தக் கடன் என்ன, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதை அவிழ்ப்பதிலேயே விடுமுறையின் பெரும்பகுதி போனது. கடைசியில் கிடைத்தது ஒரே வைரம். கிண்ணத்தில் ஒரே குன்றிமணி விழுந்தது. பிறகு நடந்த பெரிய சண்டையில் என் பாத்திரமும் வில்வீரனும் ஒரே சமயத்தில் விழுந்தார்கள். பூசாரிப் பாத்திரக்காரி குன்றிமணியைக் கையில் எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் செல்போனைத் தொடவில்லை. வில்வீரனைத்தான் எழுப்பினாள். அவனைத்தான் எழுப்ப வேண்டும் என்று நானும் சொன்னேன். பிழைத்த பையன் இந்த முறை “தேங்க்ஸ்” என்று சொல்லவில்லை. என் பாத்திரத்தின் உடலை எந்த ஊரில் அடக்கம் செய்வது என்று கேட்டான்.

சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இந்த ஆட்டம் ஆடும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறைய. அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பையில் எல்லாம் இருக்கிறது என்ற விதியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கதைக்கு முக்கியமான இரண்டு மூன்று பொருளையாவது பைக்கு வெளியே எடுத்து வையுங்கள். அது எந்த ஊரில் விளைகிறது, யார் கையால் வருகிறது என்று உங்கள் டி.எம்.மிடம் கேளுங்கள். புத்தகம் ஆந்தை இறகு என்றால் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரில் அதற்கு ஈடாக எது இருக்கிறதோ அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். நாட்டு மருந்துக் கடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அதிமதுரமும் கெந்தகமும் இன்றும் அங்கே கிடைக்கின்றன, எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.